நம்ம கட்சிக்கு வந்த குவாரிப் பணம்

எதிர்க்கட்சிக்காரனின் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. தன் கட்சியின் பெட்டி மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளெழுத்தா? அதெல்லாம் இல்லை. கண்ணாடி போட்டாலும் தெரியாது.

முதலமடையில் இந்த இனத்துக்குப் பெயர் மோகனசுந்தரம். நாலு ஏக்கர் மாந்தோப்பு, ஒரு ஸ்கூட்டர், அதன் நெற்றியில் கட்சிக்கொடி. தேர்தல் வாசனை அடித்ததும் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ரோடு பிரியும் கடைவீதியான 'பிரிவு'க்குக் கிளம்பிவிடுவார், கடை கடையாக ஏறி வசூலித்து, பத்து ரூபாய் போட்டவருக்கும் ஐம்பது போட்டவருக்கும் ஒரே அளவு கும்பிடு போட்டு, கடைசியில் டீக்கடை பெஞ்சின் மேல் எல்லார் கண்ணிலும் படும்படி பக்கெட்டை வைத்துவிட்டு, "நம்ம கட்சி இந்தச் சில்லறையிலதானுங்க ஓடுது. அவங்களாட்ட முதலாளி மடியில உக்காந்து இல்லீங்க" என்பார். டீயை வேறு யாராவது வாங்கித் தர வேண்டும்.

இந்தத் தை மாதம், மலையடிவாரத்துக் கல்குவாரி முதலாளி அந்தக் கட்சிக்கு, அதாவது எதிர்க்கட்சிக்கு, ஐந்து லட்சம் கொடுத்தார் என்று பேச்சு வந்தது. மோகனசுந்தரத்துக்குத் தீபாவளி. நேரே ஜானகியம்மாள் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாளுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். குவாரிப் புழுதி மாம்பூவில் படிந்து போன வருடமே பாதிக் காய்ப்பு போயிற்று. குவாரியை இன்னும் அகலப்படுத்தினால் மீதியும் போகும். ஆட்சேப மனு கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவராவது கையெழுத்திட வேண்டும். கிழக்கே மோகனசுந்தரம். மேற்கே அந்தக் கட்சியின் நஞ்சப்பன். அந்த அம்மாள் கேட்கப் போனதுமே அவர் கதவைச் சாத்திவிட்டார்.

"அக்கா, மொதக் கையெழுத்து என்னுதுங்க" என்று மனுவையும் மோகனசுந்தரமே எழுதிக் கொடுத்தார். கையெழுத்தைத் திங்கள் காலை போட்டுத் தருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அதே முதலாளி இந்தக் கட்சிக்கும் கொடுத்தார். பத்து லட்சம்.

திங்கள் காலை ஜானகியம்மாள் போனபோது மோகனசுந்தரம் மருந்தடிக்கும் குழாயின் துளையை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, கையெழுத்து?"

"அக்கா, புழுதி குவாரியில இருந்து மட்டுமா வருது? ரோட்டுலயுந்தான் பறக்குது."

"குவாரிப் புழுதின்னு நீங்கதானுங்க எழுதுனீங்க?"

"எழுதுனேன். அப்புறமில்ல படிச்சுப் பார்த்தேன்!"

"அந்தாளு உங்களுக்கும் குடுத்தானாமா?"

"அவங்களுக்குக் குடுத்தது லஞ்சமுங்க. நமக்குக் குடுத்தது, செஞ்ச தப்ப உணர்ந்து குடுத்தது."

"அங்க அஞ்சுக்கு உணர்ந்தவன் இங்க பத்துக்கு உணர்ந்திருக்கான். நல்லா வளருறான்" என்று சொல்லிவிட்டு ஜானகியம்மாள் மேற்கே நடந்தார்.

சாத்திய கதவு அகலத் திறந்திருந்தது. "வாங்கக்கா! பத்து லட்சமாமா? அக்கிரமமுங்க! எங்க போடோணும்?" என்றார் நஞ்சப்பன். அவர் கட்சிக்கும் இன்னொரு தவணை வந்துவிடுமோ என்ற பயத்தில், மை காய்வதற்குள் ஜானகியம்மாள் பஞ்சாயத்து ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டார்.

இதுவரை எந்தக் கட்சியின் பெயரையும் நான் சொல்லவில்லை. ஆனால் மோகனசுந்தரம் எந்தக் கட்சி என்று நீங்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டீர்கள். நிச்சயமாக உங்கள் கட்சி இல்லை. அப்படித்தானே? சற்று இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள், முகம் சரியாகத் தெரியட்டும், உங்களைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.