கார் அனுப்ப வேண்டாம், அண்ணே

விருதுநகர்,
புதன்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய அண்ணன் ராஜபாண்டியன் அவர்களுக்குத் தங்கை சொர்ணலட்சுமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் கழுத்தும், கழுத்தில் கிடக்கும் சங்கிலியும் சுகம். அங்கு உங்கள் ரத்தக்கொதிப்பும், மதினி பாண்டிலட்சுமியின் முழங்காலும், பிரஸ்ஸில் தீபாவளி சீசனுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர்களும் நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று மதினி கேட்பார்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பேசி, நீங்களே தீர்ப்புச் சொல்லி, நீங்களே வைத்துவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். "ஏ சொர்ணம், நீ நடந்து கிழிச்சது போதும். வீட்டப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டு இங்கன வந்து சேரு. மாடி ரூம்ல ஏசி மாட்டியாச்சு. வெள்ளிக்கிழமை கார் வரும், மறுபேச்சுப் பேசாம ஏறு" என்று சொல்லிவிட்டு வைத்தீர்களே, எனக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? எவனோ உங்களிடம் என் கழுத்தை அறுத்துப்போட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். அறுபட்ட கழுத்தோடு எவளாவது போனை எடுத்து "சொல்லுங்கண்ணே" என்பாளா? கடுதாசியில் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறாத நேரம், வழக்கம்போல ரயில்வே கேட் வரை நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் எப்படி நடப்பேன் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிகள் எதிரே வருகிற பக்கமாகத்தான் நடப்பேன், போன் பைக்குள் இருக்கும், சங்கிலி சேலைக்குள் இருக்கும், கண் நாலு பக்கமும் இருக்கும். அன்றைக்கு மட்டும் எங்கள் தெருவில் அந்தப் பக்கம் சாக்கடைக்குக் குழி தோண்டிப் போட்டிருந்ததால் இந்தப் பக்கம் வரவேண்டியதாயிற்று. பின்னால் ஒரு பைக் சத்தம். வேகமாக வந்த வண்டி என்னை நெருங்கியதும் மெதுவாகிவிட்டது. வேலை வெட்டி உள்ள எவனாவது ஒரு கிழவி பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வருவானா? அப்போதே கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், ஓட்டுகிறவன் ஹெல்மெட் போட்டிருக்கிறான், பின்னால் இருக்கிறவன் வெறுந்தலை, எட்டிச் சங்கிலியைப் பிடித்துவிட்டான். ஒரு முனை அவன் கையில், ஒரு முனை என் கையில். கத்தி கித்தி எடுத்திருந்தால் சத்தியமாகக் கழற்றிக் கொடுத்திருப்பேன், உயிரை விடவா சங்கிலி பெரிசு? ஆனால் அவன் முழியைப் பார்த்தால் கத்தி வைத்திருக்கிற முழியாக இல்லை.

என் கைப்பையில் எப்போதும் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் இருக்கும். நானே வத்தல் வாங்கி, காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் நின்று அரைத்தது. எதிர்வீட்டு முத்துச்செல்வி போனில் ஒரு வீடியோ காட்டினாள். அதில் சென்னையில் ஒரு பெண் மிளகாய்ப்பொடியை வீசியதும் திருடன் தரையில் விழுந்து உருளுகிறான். அதே மாதிரி ஒற்றைக் கையால் பொட்டலத்தைப் பிரித்து மூஞ்சி நிறைய வீசினேன். அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா? கண்ணை இடுக்கிக்கொண்டான், தோள்பட்டையில் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டான், ஒரே ஒரு தும்மல். அப்புறம், "காரமே இல்லியே ஆத்தா, பழைய வத்தலா?" என்கிறான்! மிளகாய் வத்தல் கமிஷன் கடைகளில் மூட்டை தூக்கிய பயலாக இருக்கவேண்டும். விருதுநகர்க்காரனிடம் போய் மிளகாய்ப்பொடியைக் காட்டினேனே, என் புத்தியைச் சொல்லவேண்டும். சங்கிலியைப் பிடித்ததற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. நான் அரைத்த பொடியைப் பழசு என்றதற்குத்தான் உச்சி மண்டை வரை ஏறியது.

நீங்கள் போன தீபாவளிக்கே, "பையில ரெண்டு லட்சுமி வெடி போட்டு வச்சுக்க, எவனும் கிட்ட வரமாட்டான்" என்று யோசனை சொன்னீர்கள். அண்ணே, நம்ம பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் எவன் திரும்பிப் பார்க்கிறான்? சாம்பிள் போட்டுப் பார்க்கிறார்கள் என்று டீயைக் குடித்துக்கொண்டே இருப்பான். அதற்குப் பதிலாக அதே வீடியோவில் சொன்னபடி ஒரு விசிலை வாங்கிக் கைப்பை வாரில் கட்டியிருந்தேன். ஆபத்து என்றால் ஊதவேண்டும், ஜனங்கள் ஓடி வருவார்கள் என்று சொன்னார்கள். ஊதினேன் பாருங்கள், உயிரைக் கொடுத்து ஊதினேன். தெரு முழுக்கக் கதவு படபடவென்று திறந்தது. எல்லாப் பெண்களும் ஓடி வந்தார்கள். கையில் பச்சை வாளி, நீல வாளி. குப்பை வண்டி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்! முத்துச்செல்வி வாளியோடு வாசலில் நின்று, "என்னக்கா, இன்னைக்கு நீங்களா குப்பை எடுக்கீக?" என்று கேட்கிறாள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இதற்குமேல் வீடியோவில் பாடம் இல்லை. பிறகு என் வாயில் வந்தது நானே யோசித்து வந்ததில்லை, நம்ம அம்மா வாயில் வருகிற மாதிரி தானாக வந்தது. அவன் கண்ணை நேராகப் பார்த்து, "ஏலே, நீ எந்த ஊருலே? யாரு வீட்டுப் பிள்ளைலே நீ?" என்று ஒரு அதட்டல் போட்டேன். நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளை எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? கல்யாண வீடு, கோயில் கொடை, பஸ் ஸ்டாண்டு என்று பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சங்கிலியைப் பிடித்த கையோடு, "மல்லாங்கிணத்துக்கு மேக்க ஆத்தா, பெத்தணன் பேரன்" என்று சொல்லிவிட்டான். முன்னால் இருந்தவன் ஹெல்மெட்டிலேயே அடித்துக்கொண்டு, "அட மூதி, பேரச் சொல்லிட்டியேலே!" என்று கத்துகிறான்.

எந்தப் பெத்தணன் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர், வைத்திருந்த கமிஷன் கடைக்கு வருஷா வருஷம் வத்தல் கொண்டுவருவாரே, கடுக்கன் போட்டிருப்பாரே, அவரேதான். நான் விடுவேனா? "அடப்பாவி, உங்க தாத்தா துட்டிக்கு நாங்க ரெண்டு பேரும் மாலை வாங்கிக்கிட்டு வந்தோமேலே! உங்க ஆத்தா என் தோள்ல சாஞ்சில்ல அழுதா! சாவு வீட்டுக்கு வந்து நின்னவ கழுத்துலயாலே கை வைக்க?" என்றேன். அவ்வளவுதான். அவன் கை தானாக விட்டது. "துட்டிக்கு வந்தவுகளா..." என்று முழிக்கிறான். அதற்குள் முத்துச்செல்விக்கு விஷயம் விளங்கி, "ஏ திருடன்டீ!" என்று பச்சை வாளியை அவன் தலையில் கவிழ்த்தாள். பின்னாலேயே நீல வாளிக்காரிகளும் வந்துவிட்டார்கள். தரம் பிரித்த குப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துபோயிற்று. பைக் எப்படியோ தப்பித்துப் பறந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "வண்டி நம்பரப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "நம்பரைப் பாக்கல சார், அவன் தாத்தா பேரு தெரியும்" என்றேன். அந்த மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மத்தியானத்துக்குள் அந்தப் பயலின் அம்மாவே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். என் காலில் விழப்போனாள். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் புகாரை வாபஸ் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு என்னிடம் கை நீட்டியவன் நாளைக்கு வாயில்லாத ஒருத்தியிடம் நீட்டுவான். எனக்குக் கழுத்தில் ஒரு கீறல், அதுவும் மஞ்சள் பற்றில் காய்ந்துவிட்டது. உங்களுக்கு வந்த செய்தியில் பாக்கி எல்லாம் கப்சா.

இப்போது காருக்கு வருகிறேன். அண்ணே, உங்கள் மாப்பிள்ளை இருந்தவரை நான் தனியாகத் தெருமுனை தாண்டியதில்லை. பூ வாங்கக்கூட அவர்தான் போவார். அவர் போனபின் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளை டாக்டர்தான் நடக்கச் சொன்னார். முதல் நாள் பிள்ளையார் கோயில் வரை போவதற்குள் மூன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். இப்போது ரயில்வே கேட் வரை போய், அங்கே டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். ஆமாம், ஆம்பளைகளோடு நின்றுதான் குடிக்கிறேன். எந்த ரயில் லேட் என்பது இப்போது எனக்குத் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது, அண்ணே. இந்த வயதில் எனக்கென்று கிடைத்த ஒரே சுகம் அது. அதை ஒரு திருட்டுப் பயலிடம் கொடுக்கமாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு, உங்களிடம் கொடுத்துவிட்டு மாடி ரூமில் ஏசியைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? உங்கள் வீட்டில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தாலே வாட்ச்மேன் பின்னால் வருகிறான். நான் வரமாட்டேன். வெள்ளிக்கிழமை இல்லை, எந்தக் கிழமையும் வரமாட்டேன். கார் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் டிரைவருக்கு டிபன் கொடுத்து வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்புவேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

உங்கள் பிரஸ் வண்டி டிரைவர் நல்லசிவம் இன்றைக்கு இந்தப் பக்கம் லோடு இறக்க வருவதாகச் சொன்னார். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். மதினிக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று, ரோட்டில் போனைப் பார்க்காமல் நடந்து, நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத உங்கள் அன்புத் தங்கை,
சொர்ணலட்சுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நல்லசிவம் வந்தார். காபி கொடுத்தேன். நான் கேட்காமலே, "முதலாளிக்கு இப்போ தேவலைம்மா, தையல் பிரிச்சாச்சு" என்றார். என்ன தையல் என்று கேட்டதும் மனுஷன் முழுங்கின காபி புரையேறிவிட்டது. அதற்கப்புறம் நான் விடுவேனா?

அண்ணே, போன வாரமே பூக்கடை முன்னால் வைத்து உங்கள் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களாமே. நீங்கள் விடாமல் பிடித்து, கீழே விழுந்து, முழங்கையில் தையலாமே. சொர்ணத்திடம் மூச்சு விடக்கூடாது என்று வீடு முழுக்கச் சத்தியம் வாங்கினீர்களாமே. அன்றிலிருந்து வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை, பிரஸ்ஸுக்கும் போகவில்லை, பைக் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுகிறீர்களாம். "சொர்ணம் இங்கன வந்துட்டா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்று மதினியிடம் சொன்னீர்களாம். அதை என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, ஏசி மாட்டியதைத்தான் சொல்ல வந்தது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அழுகை நிற்கவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை வரை தாங்காது, நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மாடி ரூமைப் பெருக்கிவைக்கச் சொல்லுங்கள், எத்தனை நாளானாலும் இருப்பேன். நான் வந்து இறங்கும்போது நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். கேட்டுக்கு உள்ளே இல்லை அண்ணே, வெளியே.