அரக்கு சாரும் ஆட்சேபணைப் பூனையும்

ஒரு பூனையைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான்கு மாதம் தள்ளிப்போக வைத்தவன் நான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தப் பெண்ணின் அப்பாவை நாங்கள் அரக்கு சார் என்போம். வில்லியனூர் வட்டாரத்தில் அவரைவிட நேர்மையான மனிதர் கிடையாது; அவரைவிடத் தொல்லையான மனிதரும் கிடையாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

எழுபதுகளில் அங்கே ஓர் அரிசி மில் கம்பெனியில் நான் குமாஸ்தா. கம்பெனி நொடித்தது. சொத்தை விற்று, எல்லாவற்றையும் தீர்த்துவைக்கக் கோர்ட் ஒரு லிக்விடேட்டரை நியமித்தது. ஒரு மடக்கு நாற்காலியோடும் ஒரு கட்டு சிவப்பு அரக்கோடும் வந்து இறங்கினார் அவர். மத்தியானத்துக்குள் மேஜை, தராசு, பீரோ எல்லாவற்றுக்கும் சீல்.

"சார், பீரோவுல என் சோறு இருக்குது சார்!"

"பீரோ யாருது?"

"கம்பெனிது. சோறு என்னுது. தயிர்சோறு."

"அப்ப கோர்ட்டுக்கு ஒரு மனு போடுங்க."

பதினாறாம் நாள் பீரோவைத் திறந்தார்கள். திறந்த பியூன் தெருவரைக்கும் ஓடினான். அரக்கு சார் என் டிபன் பாக்ஸை இரண்டு விரலால் தூக்கி, "கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்றார்.

கம்பெனி நாற்காலியில் அவர் உட்காரமாட்டார், தேய்ந்துவிடுமாம். கம்பெனிக் கடிகாரத்தில் மணி பார்க்கமாட்டார். அது கம்பெனிச் சொத்தை அனுபவிப்பதாகுமாம். மணி தெரிய வேண்டுமென்றால் ரோட்டுக்குப் போய், பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கேட்டுவிட்டு வருவார்.

நாலு வருஷத்தில் எல்லாம் ஏலம் போய் வேலை முடிந்தது. அவர் போட்ட சொத்துப் பட்டியலில் உடைந்த துடைப்பம்கூட இருந்தது. இனிக் கோர்ட் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்கு முன் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தயிர்சோறு என் நெஞ்சில் இன்னும் புளித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழுதினேன்: "கம்பெனிப் பூனை பட்டியலில் இல்லை. மாதாமாதம் 'பூனைக்குப் பால்' என்று கம்பெனிப் புத்தகத்தில் பதிவு இருக்கிறது." அந்தப் பதிவுகளை எழுதியவனே நான்தான்.

வேடிக்கை பார்க்கக் கோர்ட்டுக்கும் போனேன். ஜட்ஜ் படித்துவிட்டுச் சிரித்தார், தள்ளிவிடப் போனார். அரக்கு சார் எழுந்தார்.

"ஆட்சேபணை நியாயமானதுங்க. பூனை இருந்தது. நானே பார்த்திருக்கேன். கண்டுபிடிக்க அவகாசம் வேணும்."

ஜட்ஜின் சிரிப்பு நின்றது. வழக்குத் தள்ளிப்போனது.

சாம்பல் நிறம், இடது காது கிழிசல் என்று அடையாளம் எழுதி மார்க்கெட்டில் ஒட்டினார். ஜனங்கள் கோணிப்பையில் கட்டிப் பதினோரு பூனைகளைக் கொண்டுவந்தார்கள். "காது முழுசா இருக்குதே" என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார்.

தை பிறந்தது. ஒரு நாள் அபிஷேகப்பாக்கத்திலிருந்து அவர் மகள் என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"இன்னா சார், என் கல்யாணத்துக்குன்னு ஒரு பூனதான் கெடச்சிதா ஒங்களுக்கு?"

விழித்தேன். அவளே சொன்னாள். தையில் கல்யாணம் வைத்திருந்தார்களாம். கோர்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்கக் கூடாது என்று அப்பா நிறுத்திவிட்டாராம்.

"நெட்டப்பாக்கத்துல மாப்ள வூட்டுக்காரங்க பொண்ண வுட்டுட்டு, 'பூன வந்துச்சா'ன்னு கேக்கறாங்கோ. வைகாசி தாண்டுனா வேற எடம் பாக்கறாங்களாம்."

எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன் என்று சொல்ல ஆசைதான். அன்றைக்கு இருந்த கோபத்தில் எழுதியிருப்பேன்.

அன்றே அவரிடம் ஓடினேன். "வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"எழுதினது நெசம்தானே? நெசத்த எப்பிடி வாபஸ் வாங்குவீங்க?"

ஆகவே பூனையை நானே தேடினேன். சட்டைப்பையில் கருவாட்டோடு மூன்று மாதம் அலைந்தேன். என் மனைவி தூரத்தில் நின்று பேச ஆரம்பித்தாள். கடைசியில் மார்க்கெட்டில் ஒரு மீன்காரம்மாவின் கூடைக்குப் பின்னால் அந்தக் கிழிந்த காது தெரிந்தது.

"ஐயே, இதுவா கம்பெனி பூன? இட்டுனு போ சாமி, புண்ணியமாப் போவும்!"

அரக்கு சார் அதை மில் கேட்டில் முறைப்படி ஏலம் விட்டார். கேட்க வந்தவன் நான் ஒருவன்தான். இருந்தும் நிறுத்தி நிதானமாக மூன்று தரம் சொன்னார். எடுத்த பூனைக்கு ரசீது கொடுத்தார். ரசீதின் மேல் அரக்கு.

கோர்ட் அவரை விடுவித்தது. வைகாசியில் அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. பத்திரிகை வந்தும், வெட்கத்தில் நான் போகவில்லை.

மறுநாள் அவரே வந்தார். கையில் ஒரு டிபன் கேரியர். கயிறு கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்திருந்தது. முன்பு ஏலத்தில் எடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இது கம்பெனி நாற்காலியாச்சே?"

"இப்ப என்னுது சார்."

உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நாலு வருஷ ஆச" என்றார்.

"சார், அந்தத் தயிர்சோத்துக் கோவத்துலதான் நான் எழுதினேன்."

"தெரியும். அன்னிக்கி ஒரு மனுஷனப் பட்டினி போட்டது என் தப்பு. இந்தாங்க, கல்யாண வூட்டுச் சோறு." பூனையைப் பார்த்தார். "அதுக்கும் வைங்க."

சில வருஷம் கழித்துப் பூனை செத்தது. அவருக்கு ஒரு கார்டு போட்டேன். கார்டு கிடைத்த அன்றே பஸ் ஏறி வந்துவிட்டார். அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தடவைகூட மணி கேட்காமல், இருட்டும்வரை என்னோடு இருந்தார்.