ஏறுமுட்டைச் சித்தர்

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கோயமுத்தூரில் ஒரு புதுப் பேய் புறப்பட்டது. அதன் பெயர் ரிவ்யூ மீட்டிங். பழைய பேய்கள் புளியமரத்தில் குடியிருந்தன. இது ஏ.சி. அறையில் குடியிருந்தது. நடுவில் எம்.டி., இருபுறமும் டைரக்டர்கள். உள்ளே போனவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வரும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும்.

பேய் வந்தால் ஓட்டுகிறவன் வராமலா போவான்? மதுக்கரையில், சிமென்ட் தூசி படிந்த ஒரு தோட்டத்துக் கொட்டகையில் ஏறுமுட்டைச் சித்தர் எழுந்தருளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையானால் மதுக்கரை பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. மில் சூப்பர்வைசர்கள், பேங்க் குமாஸ்தாக்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், எல்லார் கையிலும் கோழிக்குஞ்சைத் தூக்குகிற பதனத்தோடு ஆளுக்கொரு முட்டை! டிகிரி படித்தவர்கள் ஒரு வரிசை, அதற்கு மேல் படித்தவர்கள் ஒரு வரிசை. படிப்பு ஏற ஏற வரிசையும் நீண்டது. நாடு முன்னேறுகிறதல்லவா!

சித்தரின் வைத்தியம் இதுதான். கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். பக்தன் தன் மேலதிகாரியின் பெயரைச் சொல்லி முட்டையை உள்ளே விடவேண்டும். முட்டை அடியில் போய் உட்காரும்.

"பாத்தயா? உன்ற ஆபீசரோட கோவம் உன்னய அமுக்குது!"

பிறகு யாருக்கும் விளங்காத மந்திரம். கை நிறைய 'வெள்ளைத் திருநீறு' அள்ளிப் போட்டு வேப்பங்குச்சியால் கலக்குவார். முட்டை மெல்ல மெல்ல ஏறித் தண்ணீரின் மேலே மிதக்கும். "சாமீ!" என்று கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கடைசியாக அதே திருநீற்றில் ஒரு சிட்டிகை நாக்கில் விழும். ஒரு பொட்டலமும் கிடைக்கும். மீட்டிங்குக்குப் போகும்போது நாக்கடியில் அதக்கிக்கொண்டால் பேச்சு அருவியாய்க் கொட்டுமாம். "ஆனா ஒண்ணு," என்பார் சித்தர். "மொதலாளியப் பத்திப் பொறணி பேசினவனுக்கு மட்டும் இது உப்புக் கரிக்கும். நல்லவனுக்கு இனிக்கும்."

மொதலாளியைப் பற்றிப் பொறணி பேசாதவன் பூலோகத்தில் உண்டா? எல்லாருக்கும் கரித்தது. எல்லாரும் "இனிக்குதுங்க சாமி" என்றார்கள். அதிலும் கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே! விருந்துக்குப் போன ஊட்டில் குழம்பு உப்புக் கடலாக இருந்தாலும் "நெம்ப நல்லாருக்குதுங்க" என்று இன்னொரு கரண்டி வாங்குகிற சனம். இவர்களா சாமியிடம் போய்க் கரிக்குது என்பார்கள்?

அப்படிப்பட்ட மரியாதைக்காரர்களில் முதல் ஆள் கிருபாசங்கர். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற பிரிவுக்கு சூப்பர்வைசர். எம்.டி.யைக் கண்டால் அவன் வாயில் வருகிற ஒரே வார்த்தை "சரீங்க". போன தடவை எம்.டி. "உங்க பேரென்ன?" என்று கேட்டதற்கும் "சரீங்க" என்றுதான் சொன்னான்.

இந்தத் தடவை அது போதாது. புது மோட்டார்கள் வண்டி வண்டியாகக் கருகித் திரும்பி வந்திருந்தன. காயிலை வார்னிஷில் முக்கி ஓவனில் நன்றாக உலர்த்தவேண்டும். அரைகுறையாக எடுத்தால் கருகத்தான் செய்யும். அவசர ஆர்டர் என்று பாதியில் எடுக்கச் சொன்னவர் மேனேஜர் தம்பிதுரை. கிருபாசங்கர் வேண்டாமென்று ஒருமுறை முனகிப் பார்த்தான். பிறகு வழக்கம்போல "சரீங்க". இப்போது அதே தம்பிதுரை, "சூப்பர்வைசர் சரியாப் பாக்கலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் எம்.டி. முன்னால் வாய் திறக்காவிட்டால் வேலை போய்விடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை முட்டையும் கையுமாக வரிசையில் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி லோகப்பிரியா. வரமாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தான்.

முட்டை தாழ்ந்தது, ஏறியது. சிட்டிகை நாக்கில் விழுந்தது.

"எப்புடி இருக்குது?"

"இ... இனிக்குதுங்க சாமி."

லோகப்பிரியா அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய அக்கா ஊட்டில் குழம்பு சாப்பிட்ட அன்றைக்கு இருந்த அதே முகம்! சட்டென்று பொட்டலத்தைப் பிரித்து ஒரு விரல் தொட்டு நக்கினாள்.

"ஏனுங்க, இது உப்புங்க!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. சித்தர் கண்ணை உருட்டினார். "மொதலாளியப் பழிச்ச நாக்கு! அதான் கரிக்குது!"

"எனக்கு மொதலாளியே இல்லீங்களே. நான் ஊட்டுல இருக்கறவ."

"அப்ப புருசனப் பழிச்சிருப்ப!"

"அதைத் தெனமும் மூஞ்சிக்கு நேராத்தானுங்க செய்யறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிருபாசங்கருக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. "அம்மணி, கம்முனு வா, போலாம்" என்று அவள் முந்தானையை இழுத்தான்.

"சித்த இருங்க. சாமி, ஊட்டுல முட்டை மெதந்தா அழுகிப் போச்சுன்னு தூக்கி வீசுவோம். இங்க மெதந்தா ஆபீசர் கோவம் வெலகுதுங்கறீங்க. எனக்கொரு சந்தேகம், தீத்துப்போடுங்க. மந்திரம் உங்களுது, திருநீறு என்னுது." கைப்பையிலிருந்து கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

சித்தர் மறுத்தார். கூட்டம் விடவில்லை. "அதையுஞ் செஞ்சு காட்டிப்போடுங்க சாமி, பொம்பளை வாய அடைச்ச மாதிரி இருக்கும்" என்று பக்தர்களே கும்பிட்டார்கள். பக்தியும் சில சமயம் நல்லது செய்யும்.

புது ஜாடி வந்தது. சித்தர் தொண்டை வற்ற மந்திரம் சொன்னார். தண்ணீர் கலங்கியதே தவிர முட்டை ஏறவில்லை. லோகப்பிரியா கையை விட்டு ஜாடியின் அடியிலிருந்து முட்டையை எடுத்துக் காட்டினாள்.

பிறகு எதிர்த்த போண்டாக் கடையில் தூள் உப்புப் பொட்டலம் வாங்கி வரச்சொன்னாள். இன்னொரு ஜாடியில் நல்ல தண்ணீர், அதே முட்டை. உப்பைக் கொட்டிக் கலக்கினாள். மந்திரம்? அன்றைக்கு வாங்கவேண்டிய மளிகைச் சாமான்: "துவரம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம்..."

சீரகத்துக்கு முட்டை மேலே வந்துவிட்டது.

"அட கெரகமே!" என்றது கூட்டம்.

அவள் ஒரு டம்ளரில் சித்தருடைய பழைய ஜாடித் தண்ணீரை மொண்டு நீட்டினாள். "உங்களுக்குத்தான் மொதலாளியே கெடையாதே சாமி. இனிக்குமில்லீங்களா? குடிச்சுப்போடுங்க."

இத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்வார்? ஒரு மடக்குக் குடித்தார். அடுத்த நொடி அத்தனையும் முன்வரிசையில் மப்ளரால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த ஒருவர்மேல் பீச்சியடித்தது. அவர் பதறி மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

தம்பிதுரை! மேனேஜர் தம்பிதுரை! அவர் மடியிலும் ஒரு முட்டை.

கூட்டம் சித்தரைச் சுற்றி வளைத்தது. "போத்தனூர் ஸ்டேஷன்ல அவிச்ச முட்டை வித்த செங்கோடன்தானே நீ!" என்று அடையாளம் கண்டார் ஒரு ரயில்வேக்காரர். சித்தர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டினார். ஜடாமுடி வேலியிலேயே தங்கிவிட்டது.

கிருபாசங்கர் அதையெல்லாம் பார்க்கவில்லை. தன்னை நடுங்க வைத்த மனுஷன் தன்னைப்போலவே நடுங்கி, தன்னைப்போலவே வாயில் உப்போடு உட்கார்ந்திருப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பிதுரை அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "என்ன கிருபா... திருநீறு இனிச்சுதில்ல?"

நாக்கு நுனிவரைக்கும் "சரீங்க" வந்தது. கிருபாசங்கர் அதை விழுங்கினான்.

"இல்லீங்க சார். கரிச்சுது."

அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. பஸ் வழக்கம்போல வந்தது, ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை அவனுக்குப் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. ஏ.சி. அறையில் எம்.டி. முன்னால் போய் நின்றான். தம்பிதுரை "சூப்பர்வைசர் சரியா..." என்று ஆரம்பித்தார். எம்.டி. அவன் பக்கம் திரும்பினார்.

"என்ன நடந்துச்சு?"

"காயில் ஒலரறதுக்கு முன்னாடி ஓவன்லருந்து எடுத்தோமுங்க. அதான் கருகிப் போச்சுங்க." குரல் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே தொடர்ந்தது. "மேனேஜர் எடுக்கச் சொன்னாருங்க. வேண்டாமுன்னேன். இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கோணும், அது என்ற தப்புங்க."

எம்.டி. மேனேஜரைப் பார்த்தார். தம்பிதுரை ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

"அடுத்த தடவை சத்தமாவே சொல்லுங்க," என்றார் எம்.டி., கிருபாசங்கரிடம். "நீங்க போலாம். மேனேஜர் இருக்கட்டும்."

வேலை தப்பியது.

செங்கோடன் இப்போது பெருந்துறையில் இருக்கிறாராம். முட்டை போய்த் தேங்காய் வந்திருக்கிறது. வரிசை அங்கேயும் நீளம்தான், படித்த வரிசை இன்னும் நீளம். அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: கரித்தால் கரிக்கிறது என்று சொல்லித் தொலையுங்கள் ஐயா! தன் நாக்கை நம்பாதவன் எம்.டி. முன்னால் மட்டுமா, முட்டைக்கு முன்னாலும் நடுங்கிக்கொண்டுதான் நிற்பான்.