பூசணம் அண்ணாச்சியும் கோங்குக் கன்றுகளும்

ஊறுகாயில் பூசணம் பூத்தால் ஊரே தூக்கி எறியும். "ஓடி வாரும்வே, என்ன அழகு பாரும்!" என்று கூப்பிட்டுக் காட்டிய ஒரே மனிதரோடு, தென்காசியில் ஒரே அறையில் நாலு வருஷம் குடியிருந்தேன். பூசணம் அண்ணாச்சி என்றால் குற்றாலத்துக் குரங்குகளுக்குக்கூடத் தெரியும். சொந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். குற்றாலத்தில் காட்டிலாகா நாற்றங்காலில் அவர் மேஸ்திரி, நான் குமாஸ்தா. அந்த ஆனியில் கோங்குக் கன்றுகள் ஒரு சாண் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டன. சாணி, சாம்பல் எதற்கும் அசையவில்லை. "கார்த்திகைக்குள்ள தேறலைன்னா நீரு வீட்டுக்குப் போகலாம்" என்று ரேஞ்சர் அவரிடம் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி மலையேறி, பெரிய கோங்கு மரத்தடி மண்ணை அள்ளி வந்தார். எதில்? என் புது டிபன் கேரியரில்.

"அண்ணாச்சி, சோறு திங்குத பாத்திரம்லா!"

"கத்தாதேயும். இந்தா, வேரைச் சுத்தி வெள்ளை நூலு தெரியுதா? பூசணம்வே! மண்ணுல உள்ள சத்தை எடுத்து மரத்துக்கு ஊட்டுதது இதுதான். நம்ம கன்னுக்கு ஊட்ட ஆளில்ல."

"எனக்குந்தான் ஆளில்ல. மத்தியானச் சோறு எதுல கொண்டுபோவேன்?"

ரேஞ்சர் கொதித்தார். "அவனவன் பூசணத்துக்கு மருந்து அடிக்கான். நீரு சொமந்துட்டு வாரீரு!" ஆபீஸ் கொட்டகையில் இடம் கிடைக்காத மண், மூட்டை மூட்டையாக என் கட்டிலடிக்கு வந்தது. காயாமலிருக்க அதன்மேல் ஈரவேட்டி. வேட்டியும் என்னுடையதே. பத்தாம் நாள் கட்டிலடியில் காளான் முளைத்தது.

"மிதிச்சிராதேயும்!"

கெஞ்சிக் கெஞ்சி நாலே நாலு பாத்திக்கு அனுமதி வாங்கி, அந்த மண்ணைக் கலந்தார். கார்த்திகையும் நெருங்கியது. அவரை நீக்கும் உத்தரவை எழுதும் வேலை எனக்கு வந்தது. கட்டிலடியை நினைத்துக்கொண்டு ஆத்திரமாகத்தான் ஆரம்பித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. மை தீர்ந்துவிட்டது என்று ரேஞ்சரிடம் பொய் சொன்னேன்.

மண் கலந்த பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ரேஞ்சர், மறுநாள் பாத்திகளைப் பார்க்கப் போனார். மற்றதெல்லாம் அதே மஞ்சள். அந்த நாலு பாத்தி மட்டும் முழங்கால் உயரத்தில் பச்சைப்பசேலென்று நின்றது. குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தவர், "அந்த மண்ணு எங்கன இருக்கு?" என்றார். அந்த வாரம் ஆபீஸே மண் சுமந்தது. அட்டைக்கடியோடு நானும் சுமந்தேன், அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே.

அடுத்த வருஷம் வேறொரு நாற்றங்காலில் கன்றுகள் படுத்துவிட, அவரை அங்கே மாற்றினார்கள். அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். தங்கமான மனிதர், தினம் இரண்டு வேளை கூட்டிப் பெருக்குவார்.

ஒரு மாதத்தில் அறையைக் காலி செய்துவிட்டேன்.