தூக்குக்குண்டு சொன்ன அப்டேட்

ஜலகண்டாபுரத்தில் அன்று பாதித் தறிகள்தான் ஓடின. மீதித் தறிக்காரர்கள் கல்யாண மண்டபத்து வாசலில் ஆளுக்கொரு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். ஒரு தாய், இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கிவிட்டு லேப்டாப்பைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரு வாட்ஸப் செய்தி செய்த வேலை. ஃபர்ம்வேர் அப்டேட் ஏறாத லேப்டாப் வருகிற அமாவாசையோடு செத்துப்போகும். போகும்போது வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகும் என்று அதில் இருந்தது. ஃபர்ம்வேர் என்றால் என்னவென்று அனுப்பியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் உடனே நம்பினார்கள்.

உள்ளே சென்னிமலை சாமி உட்கார்ந்திருந்தார். சாமியாவதற்கு முன்னால் என்ன தொழில் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. சாமியிடம் முன் அனுபவம் விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது. லேப்டாப்பை ஆஃப் செய்து, மஞ்சள் துணியில் சுற்றி அவர்முன் வைக்க வேண்டும். கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்றை, சந்தனம் பூசி, அதன்மேல் தொங்கவிடுவார். குண்டு வலப்பக்கம் சுற்றினால் அப்டேட் ஏறிவிட்டது. இடப்பக்கம் சுற்றினால் ஏறவில்லை. பொருளை அங்கேயே விட்டுவிட வேண்டும். சாமி அதை மேட்டூர் அணையில் சேர்த்துவிடுவார்.

ஓட்டை லேப்டாப்புகளுக்கெல்லாம் குண்டு வலப்பக்கம் சுற்றியது. புதிதாக வாங்கியவற்றுக்கெல்லாம் இடப்பக்கம். தோஷமும் நல்ல பொருளாகப் பார்த்துத்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

சேலைக்கு டிசைன் போடும் அன்புச்செல்வி அன்று சேலம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. கணவன் சரவணக்குமார் கட்டிலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, லேப்டாப் எங்க?"

"சாமிகிட்ட உட்டுட்டு வந்துட்டேன். அப்டேட் ஏறலியாமா. ஊட்டுல வெச்சிருந்தா உசுருக்கே ஆகாதுன்னுட்டாரு."

"அது போன மாசமே ஏறிருச்சுங்க. நாந்தானே ஏத்துனேன். ஏறுச்சான்னு தெறந்து நம்பர் பாத்தேன். கம்பெனி வெப்சைட்டுல போட்டிருந்த நம்பரும் அதேதான்."

"நம்பர் சொல்றதும் சாமி சொல்றதும் ஒண்ணாகுமா, அன்பு?"

பொங்கலுக்குத் தறியேற வேண்டிய முந்தானை டிசைன்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. நேரே போய்க் கேட்டால், சாமிக் குத்தம் என்று ஊரே சேர்ந்து அவளைத்தான் வெளியே தள்ளும். அவள் சமையலறைக்குப் போய், காய் நறுக்கும் மாமரப் பலகையைக் கழுவித் துடைத்தாள். மஞ்சள் துணியில் சுற்றினாள். கிளம்பிவிட்டாள். சரவணக்குமார் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மண்டப வாசலில் விவரம் கேட்கும் ஆள் ஒருவன் நின்றான்.

"எப்ப வாங்குனதுங்க?"

"போன தீபாவளிக்கு."

"நல்லா ஓடுதுங்களா?"

"தெனமும் வேலை நடக்குது. ஒருநாளும் மக்கர் பண்ணதில்லீங்க."

அத்தனையும் உண்மை. அவன் உள்ளே பார்த்துத் தலையை ஆட்டினான்.

சாமி கண்ணை மூடினார். குண்டு இடப்பக்கம் சுற்றியது. சும்மா இல்லை, வேகமாகச் சுற்றியது.

"அம்மிணி, இதுல ஃபர்ம்வேர் ரொம்பப் பழசு. அப்டேட் உள்ள எறங்கவே மாட்டேங்குது."

"பேட்டரி எப்படிங்க சாமி?"

"ஊதிட்டு வருது. அமாவாசை தாங்காது."

"உள்ள என் டிசைனெல்லாம் இருக்குங்களா?"

"இருக்குது. ஆனா அதுலயும் தோஷம் ஏறிருச்சு. தொடாத உட்டுட்டுப் போயிரு அம்மிணி."

அன்புச்செல்வி துணியை அவிழ்த்தாள். பலகையை இரண்டு கையாலும் தூக்கி, கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள். கத்தி பட்ட கோடுகள் பின்வரிசை வரைக்கும் தெரிந்தன.

"இதுக்குத்தான் பேட்டரி ஊதியிருக்குதாமுங்க."

சாமி சமாளித்துப் பார்த்தார். மரத்துக்கும் உயிர் உண்டு என்றார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். பயந்தவர்கள் மத்தியில் ஒரு சிரிப்பு விழுந்தால் போதும். நாலைந்து பேர் பின் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். அணையில் சேர வேண்டிய லேப்டாப்புகள் அங்கே அழகாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் விலைச்சீட்டு. மேட்டூர் அணை என்ன விலை கொடுத்து வாங்கும் என்பதைப் பிறகு சாமி போலீஸாரிடம்தான் விளக்க வேண்டியிருந்தது.

சரவணக்குமாரே தேடிப் போய் லேப்டாப்பை எடுத்துவந்து மனைவியிடம் கொடுத்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவள் அங்கேயே அதை இயக்கி, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைத் திறந்தாள். ஃபர்ம்வேருக்கு அதில் பயாஸ் என்று பெயர்; அந்தச் சொல்லுக்கு எதிரே இருந்த எண்ணைக் காட்டினாள். அந்த மாடலுக்குக் கம்பெனி கடைசியாக வெளியிட்ட எண்ணைப் போனில் காட்டினாள். இரண்டும் ஒன்று.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா ஏறிருச்சுன்னு அர்த்தம். இல்லீன்னா ஏத்திக்கலாம். அவ்வளவுதானுங்க."

ஆளாளுக்குத் தங்கள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார்கள். சிலதில் ஏறியிருந்தது, சிலதில் ஏறவில்லை. ஏறாததும் யாரையும் கடித்துவிடவில்லை.

கூட்டம் கலைந்தபோது, தறிப்பட்டறை முதலாளி சின்னண்ணன் மட்டும் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, எதுக்கும் கேட்டு வெச்சுக்கறேன். குண்டு அத்தனை வேகமாச் சுத்துச்சே. அந்தப் பலகையில இனிமே காய் நறுக்கலாமுங்களா?"

அன்புச்செல்வி பலகையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கொண்டுபோயி நறுக்கிப் பாருங்க. இனிமேலாச்சும் பாத்துட்டு நம்புங்க."