லென்ஸ்காரர் எடுத்த பேட்டி

மூன்று மணி நேரப் பேட்டி ஒன்றை முழுசாகக் கேட்டு முடித்த அன்று லென்ஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். உலகத்தில் ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். அந்த ஒருவர் இதுவரை யாரையும் பேட்டி எடுத்ததில்லை. அவர் வேறு யாருமில்லை, தான்தான்.

இப்படி முடிவு கட்ட அவருக்குத் தகுதி இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. சீட்டில் எழுதிய பவர்படி லென்ஸை அரைக்க வேண்டும், விளிம்பைத் தேய்க்க வேண்டும், பிரேமில் ஆடாமல் உட்கார வைக்க வேண்டும். கையும் கண்ணும் உழைக்கும். காது இரண்டும் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். அந்தக் காதுகளுக்குத் தீனியாகத்தான் பாட்காஸ்ட் வந்து சேர்ந்தது. காலையில் கடை திறந்ததும் இயர்போனைக் காதில் செருகுவார். மாலை ஷட்டர் இறங்கும்போது எடுக்க வேண்டியது. பாதி நாள் எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவார். ஆறு வருஷமாக இதே கதை.

கேட்கக் கேட்க, பதில் சொல்கிற விருந்தாளிகள் அவர் மனதிலிருந்து உதிர்ந்துபோனார்கள். கேள்வி கேட்கிறவர்கள்மேல்தான் கண் விழுந்தது. காது விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் சூட்டினார். விருந்தாளி மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் 'ம்ம், ம்ம், கரெக்ட்' என்று தட்டிக்கொண்டே இருப்பவர் தாளக்காரர். விருந்தாளி 'எங்கப்பா' என்று ஆரம்பித்ததுமே 'எங்கப்பாகூட' என்று ஆளைத் தன் வீட்டுக்குக் கடத்திக்கொண்டு போகிறவர் சுயசரிதை. பத்து நிமிஷம் விருந்தாளி உருகிச் சொன்னதை 'அதாவது நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா' என்று மடித்துக் கட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறவர் பொட்டலம். ஒரு கேள்விக்கு முன்கதை, கிளைக்கதை, பழைய கதை எல்லாம் சேர்த்துக்கொண்டு தெருவை அடைத்துக்கொண்டு போகிறவர் ஊர்வலம். அது கடந்து முடிந்ததும் விருந்தாளி, 'கேள்வி என்னன்னு சொன்னீங்க?' என்பார்.

இவர்கள் எல்லாரிலும் ஆபத்தானவர் ஸ்பூன். பதிலையே கேள்வியாக்கி வாயில் ஊட்டிவிடுகிறவர். 'அன்னிக்கு நீங்க அப்படியே உடைஞ்சு போயிருப்பீங்க, இல்லையா?' என்பார். ஒரு கீறல்கூட விழாத மனுஷர், மரியாதைக்கு 'ஆமா' என்று தலையாட்டுவார். அந்த 'ஆமா'வைக் கேட்கும்போதெல்லாம் லென்ஸ்காரருக்கு ரத்தம் கொதிக்கும். அரைக்கிற லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டினா முழுங்கிடறதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

நல்ல பேட்டிக்கு அவரிடம் ஒரு சூத்திரம் இருந்தது. கேள்வி ஐந்து சொல்லுக்குள் முடிய வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு ஏழு விநாடி இருக்க வேண்டும். ஏழு விநாடி மௌனத்தை எந்த மனுஷனாலும் தாங்க முடியாது, எட்டாவது விநாடி உண்மை தானாக வெளியே வந்து விழும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சோதித்துப் பார்க்க ஆள்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தலை ஈரமாக இருப்பதைக் கவனித்தார்.

அவருடைய மனைவி மருத்துவமனையில் காது பரிசோதிக்கிறவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நோயாளி உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கத்திலிருந்து இவள் சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அனுப்பிய ஒலி எது, அனுப்பாமல் விட்டது எது என்று நோயாளி இவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது. ஆகவே பதினெட்டு வருஷமாக அந்த முகத்தைத் துடைத்து வைத்த பலகைபோல வைத்திருக்கப் பழகியிருந்தாள். கணவன், மனைவி இருவருக்கும் கேட்பதுதான் பிழைப்பு. ஆனால் அவளுக்குச் சம்பளம் அதற்குத்தான், அவருக்கு அது வேலைக்கு நடுவே நடக்கிற திருட்டு.

செவ்வாயும் வெள்ளியும் அவள் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தாள். வரும்போது தலை ஈரம். மழை கிடையாது. மழையே பெய்தாலும் ஒருத்தி தலையில் மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு நாள் பார்த்துப் பெய்யாது. பக்கத்தில் போனால் ஏதோ மருந்து வாடை, மருத்துவமனை வாடையும் இல்லை. ஐந்து வாரமாக லென்ஸ்காரர் இதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். சந்தேகம் எல்லாம் இல்லை. சுத்தமான ஆர்வம், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கிற ரகம். கேட்டிருக்கலாம். ஆனால் சும்மா கேட்டுவிட்டால் அது பேச்சு. முறையாகக் கேட்டால் பேட்டி.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டார். இரண்டு தம்ளர் தண்ணீர் வைத்தார். எல்லாப் பேட்டியிலும் அது இருக்கும், யாரும் குடிக்க மாட்டார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு, உன்னைப் பேட்டி எடுக்கப் போகிறேன் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் விசாரித்தாள். மூன்று மணி நேரம் என்றார். வாஷிங் மெஷினில் இன்னொரு சுற்று ஓடுகிறது, நிற்க நாற்பது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் முடியும் என்றாள். மடிக்க வேண்டிய துணியையும் மேசைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

லென்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப பாரு, வாழ்க்கையில சில பழக்கங்கள் மாறும். எனக்கே கூடப் பாரு, முன்னெல்லாம் காலையில காபி குடிப்பேன், அப்புறம் அது டீயாச்சு, அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதாவது நீ என்ன சொல்ல வர்றேன்னா..."

அங்கேயே நிறுத்தினார். ஒரே மூச்சில் ஊர்வலம், சுயசரிதை, பொட்டலம் மூன்றும் தன் வாயிலிருந்து இறங்கி வந்தது அவருக்கே கேட்டது. அதிலும் அவள் இன்னும் எதுவுமே சொல்லவில்லை, அதற்குள் பொட்டலம் கட்டியாயிற்று. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். மறுபடி சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை நீ எங்க போற?"

எண்ணிப் பார்த்தார். நான்கே சொல். ஒரு சொல் மிச்சம்கூடப் பிடித்திருக்கிறோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மௌனத்துக்குத் தயாரானார். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

"நீச்சல் கத்துக்கறேங்க. வெள்ளிக்கிழமையும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே. ரெண்டு தரம். முதல் தரம் சொன்னப்ப 'ம்ம்'னீங்க. ரெண்டாவது தரம் 'கரெக்ட்'னீங்க."

ஐந்து வாரம் உருட்டி வைத்திருந்த மர்மம் ஒரு விநாடியில் தீர்ந்துபோனது. அந்த மர்மத்தை அவர் காதுக்குள்ளேயே அவள் இரண்டு தடவை கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தாளம் போட்டுத் திருப்பி அனுப்பியது அவரேதான். பேட்டி மூன்று மணி நேரத்துக்குத் திட்டமிட்டது. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கையில் வேறு கேள்வி இல்லை. மிச்சமிருந்த ஒரே ஆயுதம் மௌனம். அதையாவது முறையாகச் செய்வோம், இன்னும் ஏதாவது வந்து விழலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

அவளும் சும்மா இருந்தாள். மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பார்க்கிற அதே முகம். கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, அவசரமும் இல்லை.

மூன்று, நான்கு என்று அவர் மனதுக்குள் எண்ணினார். ஐந்தில் மூக்கு அரித்தது. ஆறில் மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழு வந்தது. அவள் பொத்தானை அழுத்துவதாக இல்லை. எட்டாவது விநாடி, தான் வாய் திறப்பது லென்ஸ்காரருக்கே யாரோ திறப்பதுபோல இருந்தது.

"புதுக் கிளைக்கு நான் போறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இதை மூன்று வாரமாகத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்தோம் என்று. முதலாளி இன்னொரு ஊரில் கடை திறக்கிறார். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கே குடியேறி, கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்.

மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் கேள்வி கேட்டாள். குட்டிக் குட்டிக் கேள்விகள். எப்போது போக வேண்டும்? அடுத்த மாதம். வீடு? பார்த்தாகிவிட்டது. யார் பார்த்தது? இங்கே லென்ஸ்காரர் தம்ளரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அந்த ஊரிலேயே இருக்கிற தன் அக்கா பார்த்தாள் என்றார். அப்படியென்றால் அக்காவுக்கு முன்பே தெரியும். அக்காவின் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு அவள் கொஞ்சம் காத்திருந்தாள். காத்திருந்த ஒவ்வொரு தடவையும் இன்னொரு உண்மை நழுவி விழுந்தது. வீட்டுக்கு என்ன நிறப் பெயிண்ட் என்பதுவரை அக்காவோடு பேசி முடித்தாயிற்று என்று, கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அவள் கேட்டாள். "உங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

லென்ஸ்காரர் யோசித்தார். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. முழு அரை நிமிஷம் போயிற்று. உள்ளே தேடிப் பார்த்ததில், போகணும் என்று எதுவும் அகப்படவில்லை.

"இல்லை," என்றார் மெதுவாக.

"அப்ப ஏன் சரின்னீங்க?"

முதலாளி கேட்ட விதத்தை அவர் அப்படியே சொன்னார். 'இந்தப் பின்னறையிலேயே இருந்து உங்களுக்கும் சலிச்சிருக்கும், இல்லையா?' என்றார் முதலாளி. ஆமா என்றாராம் இவர். 'புது ஊருன்னா வீட்லயும் சந்தோஷப்படுவாங்க, இல்லையா?' அதற்கும் ஆமா. சொல்லிக்கொண்டு வரும்போதே லென்ஸ்காரரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்பூன். முழுக்க முழுக்க ஸ்பூன். ஆறு வருஷமாகச் சுவரைப் பார்த்துத் திட்டியவர், தன் வாய்க்கு நேரே வந்தபோது ஆவென்று திறந்திருக்கிறார்.

"மொத்தம் ரெண்டு ஆமா," என்றாள் மனைவி. "அதுல ரெண்டாவது என்னோடது."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். லென்ஸ்காரருக்கு அது போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தார். எல்லாமே நீளமாக வந்தது. கடைசியில் பேசாமல் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மெஷின் நின்றது. எழுந்து போகும்போது, திங்கட்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கடைக்கு வருவதாக அவள் சொன்னாள். வந்து என்ன பேசப் போகிறாள் என்று கேட்டார். வந்துதான் பார்க்கணும் என்றாள்.

திங்கட்கிழமை வந்தாள். கவுண்டரில் முதலாளி மட்டும் இருந்தார். பின்னறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. லென்ஸ்காரர் காதிலிருந்ததை எடுத்துப் பையில் போட்டார். இயந்திரத்தை நிறுத்தினார். ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்தினார். ஒரு சொல் கேட்கவில்லை.

அவள் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் உதடு ஒரே ஒரு தடவை அசைந்ததை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு முதலாளிதான். முதலில் சிரித்தபடி கையை விரித்து ஏதோ விளக்கினார். விளக்கி முடித்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி விளக்கினார். இப்போது சிரிப்பு இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். கவுண்டரைச் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் தானே வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். ஒரு கட்டத்தில் கண்ணைக்கூடத் துடைத்தார். அவள் அசையவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்து எழுந்து, ஜன்னல் பக்கம் கையசைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் லென்ஸ்காரர் யாரோ ஒருவருடைய இடது கண் லென்ஸைக் கைபோன போக்கில் பிரேமின் வலது பக்கத்தில் பொருத்தி வைத்திருந்தார்.

முதலாளி பின்னறைக்கு வந்தார். பத்து வயசு குறைந்தவர்போல இருந்தார். தன் கதையை அவரே சொன்னார். முதலில் லென்ஸ்காரர் ஏன் போக வேண்டும் என்று காரணம் சொன்னாராம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காரணம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கேட்ட மற்ற ஆளெல்லாம் முடியாது என்றுவிட்டார்கள் என்ற நிஜக் காரணத்தைச் சொன்னாராம். அதற்கும் ஒன்றுமில்லை. பேசிக்கொண்டே போனபோதுதான் அவருக்கே பிடிபட்டதாம், புது ஊருக்குப் போக ஆசைப்பட்டது தான்தான் என்று. இருபது வருஷமாக ஒரே கவுண்டர். அடுத்த மாதம் அவரே குடும்பத்தோடு அங்கே போகிறார்.

லென்ஸ்காரர் நிம்மதியாக அடுத்த லென்ஸைக் கையில் எடுத்தார். அப்படியானால் தான் இதே பின்னறையில் இருக்கலாம்தானே என்று கேட்டார்.

"பின்னறைக்கு வேற ஆள் போட்டுக்கலாம்," என்றார் முதலாளி. "இனிமே கவுண்டர் உங்க பொறுப்பு. உங்க வீட்டம்மா மறுக்கவே இல்லை, முகத்தைப் பார்த்தாலே சம்மதம்னு தெரிஞ்சுது. உங்களுக்கும் நாலு பேரோட பேசிப் பழகணும்னு ரொம்ப நாளா ஆசை இருந்திருக்கும், இல்லையா?"

"ஆமா," என்றார் லென்ஸ்காரர்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே மனைவியிடம் போனார். ஊர் மாறாத சந்தோஷமும், நாளெல்லாம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய கிலியும் ஒரு பக்கம் கிடந்தன. அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ஒரு மனுஷனை இருபத்தைந்து நிமிஷம் தலைகீழாகக் கவிழ்க்கிற கேள்வி எப்படி இருக்கும்? எத்தனை சொல்? எந்தத் தொனி? நோட்டும் பேனாவும் கையில் தயாராக இருந்தன.

"முதலாளிகிட்ட அப்படி என்னதான் கேட்ட?"

அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

"இந்த ஸ்டூல்ல உட்காரலாமான்னு கேட்டேங்க. அதுக்கப்புறம் அவர் என்னைப் பேசவே விடலை."