வல்லரசின் பிளாஸ்டிக் நாற்காலி

துப்பாக்கியைக் கையால் தொடாமல், கப்பலைக் கரையில் இருந்தே பார்த்துவிட்டு, அண்டை நாடுகளைப் பிடித்த மன்னன் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் இருந்தான். பெயர் வல்லரசு. அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அவன் ராஜ்ஜியம் எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் உப்பளம் எப்படி என்று தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மொத்தமும் ஒரே ஏரியாகிவிடும். பாத்திகளைப் பிரிக்கும் வரப்பெல்லாம் கரைந்து போகும். தை மாதம் தண்ணீர் வடிந்ததும், சேற்றை அள்ளி வரப்பைப் புதிதாகப் போட வேண்டும். தரையைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு, உப்புத் தண்ணீரை விட வேண்டும். போன வருஷம் வரப்பு எங்கே இருந்தது என்பதற்குப் பக்கத்துப் பாத்திக்காரனின் ஞாபகமும் நாணயமும்தான் சாட்சி. வல்லரசுக்கு ஞாபகம் நிறைய உண்டு.

என் பாத்திக்குக் கிழக்கே வல்லரசு, வடக்கே ஆரோக்கியம். ஆரோக்கியத்துக்கும் கிழக்கே வல்லரசுதான்; அவன் இடம் அவ்வளவு நீளம். மற்றவர்கள் தண்ணீர் வடியட்டும் என்று காத்திருப்போம். இவன் முழங்கால் தண்ணீரிலேயே மண்வெட்டியோடு இறங்கிவிடுவான். நாங்கள் போய்ப் பார்த்தால் வரப்பு எங்கள் பக்கம் ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

"டேய், இந்த வரப்பு போன வருஷம் அந்தாண்ட இல்ல இருந்துச்சு?"

"யக்கா, எல்லைன்றது வளர்ற பொருள். கோடு போட்டுக்கினு ஒக்காந்தவன் எவனாவது பெரிய நாடு ஆயிருக்கானா?"

"இது நாடு இல்லடா. உப்புப் பாத்தி."

"எல்லாம் பாத்தில ஆரம்பிச்சதுதான்."

 வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு பாத்திதான். அதுவும் போனால் அடுத்தவன் பாத்தியில் கூலிக்குக் குனிய வேண்டும். அவனுக்கு ஒரு சாண் வீரம், எனக்கு அது சோறு.

இந்த அறிவெல்லாம் அவனுக்குக் கைபேசியில் இருந்து வந்தது. உப்பு வாரும்போதும் சட்டைப் பையில் யாரோ ஒருவர் உலகப் போர்களைப் பற்றிக் கத்திக்கொண்டே இருப்பார். அந்த ஆள் மூச்சு வாங்கும் இடத்தில் வல்லரசு ஆரம்பிப்பான்.

"அமெரிக்கா இன்னாக்கா, ஆரம்பத்துல கடலோரமா ஒரு துண்டு. நம்ம உப்பளம் கணக்கா. மேற்கால போய்க்கினே இருந்தான். அந்தாண்ட கடல் வர்ற வரைக்கும் நிக்கல. கடல் வந்ததும் நின்னானா? கப்பலுக்குக் கரி போட எடம் வோணும்னு தீவு தீவா புடிச்சான்."

"அங்க இருந்த ஜனம் சும்மாவா வுட்டுச்சு?"

"அவங்களை யாரு கேட்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் என் வரப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவனுக்கு மேற்கே இருந்தது நான்.

"அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு? நம்ம பாண்டிச்சேரிய பாரு. பிரெஞ்சுக்காரன் வியாபாரம்னு சொல்லித்தான் வந்தான். கடை வெச்சான். கடைக்குச் சுவரு வெச்சான். சுவருக்குப் பீரங்கி வெச்சான்." பாண்டிச்சேரி எல்லைக்குள் அவன் அடிக்கடி போய் வந்ததன் நோக்கம் சரித்திர ஆராய்ச்சி இல்லை என்பது அவன் திரும்பி வரும் நடையிலேயே தெரியும். ஆனால் வரும்போது ஏதாவது ஒரு புதுக் கொள்கையோடுதான் வருவான்.

அப்படி ஒருமுறை வந்த மறுநாள், என் வரப்பு மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்தது.

"இன்னாடா இது?"

"ராணுவத் தளம்."

"என் வரப்புலயா?"

"நாடு உன்னுதுதாங்கா. தளம் மட்டும் என்னுது. உன் பாதுகாப்புக்குத்தான்."

"யாருகிட்டருந்து?"

உப்பளத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தான். "அது இன்னும் முடிவாவல."

நாற்காலியைத் தூக்கிக் கால்வாயில் வீசினேன். மறுநாள் கழுவித் துடைத்து அதே இடத்தில் இருந்தது. திரும்ப வீசினேன், திரும்ப வந்தது. கடைசியில் என் கைதான் வலித்தது.

குயிலாப்பாளையம் பக்கம் இருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா ஸ்கூட்டரில் உப்பு வாங்க வந்தது. வல்லரசு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தான். "உங்க கவர்மென்டு வெளியூர்ல எத்தினி தளம் வெச்சிருக்குது மேடம்?" அந்த அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சுத்தமான தமிழில், "அண்ணா, எனக்கு உப்பு மட்டும் போதும்" என்றது. பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இத்தனையும் நடக்கும்போது வடக்கே ஆரோக்கியம் வாயே திறக்க மாட்டான். மாதா கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிற சாது. வல்லரசு பேசப் பேசத் தலையை ஆட்டுவான். பாவம், புரியாமல் ஆட்டுகிறான் என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் பொங்கல் முடிந்த கையோடு பாண்டிச்சேரியில் எனக்குக் கண் ஆபரேஷன். குனியக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்றார்கள். பொம்மையார்பாளையத்தில் மகள் வீட்டில் படுத்துக் கிடந்தேன். உப்பளத்தில் தண்ணீர் வடிகிற நேரம் பார்த்து நான் அங்கே கிடக்கிறேன். கண்ணை மூடினால் வல்லரசு மண்வெட்டியோடு மேற்கே வருகிறான். இந்த முறை சாண் இல்லை, மொத்தமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வந்து இறங்கினேன். பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர் கண்ணை மாற்றி வைத்துவிட்டாரோ என்று சந்தேகம்.

என் பாத்திக்கு நாலு பக்கமும் வரப்பு, பழைய இடத்திலேயே. தரையை மிதித்து, உப்புத் தண்ணீரும் விட்டாயிற்று. வடக்கு வரப்பின் மேல் அந்தச் சிவப்பு நாற்காலி. அதில் குடை பிடித்துக்கொண்டு வல்லரசு.

கிழக்கே அவன் இடத்தைப் பார்த்தேன். ஒரே சேறு. ஆரோக்கியத்தின் வரப்பு அதற்குள் அரைவாசி தூரம் புகுந்திருந்தது. வல்லரசு சாண் சாணாகப் பிடித்ததெல்லாம் போய், அவன் சொந்த மண்ணும் சேர்ந்து போயிருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"ஆரோக்கியம் உன் பாத்தில பூந்து வரப்பு போட்டுக்கினு இருந்தான்கா. இன்னாடான்னு கேட்டா, நான் சொன்னதையே எனக்கு ஒப்பிக்கிறான். எல்லை வளர்ற பொருளாம்! இழுத்து அந்தாண்ட வுட்டுட்டு, பழைய எடத்துல வரப்பு போட்டேன். எழுந்து போனா திரும்ப வருவான். அதான் ஒக்காந்துட்டேன்."

"உன் பாத்தி?"

அவன் திரும்பியே பார்க்கவில்லை. "அந்தப் பக்கமா பூந்துட்டான். வெளியூர் சண்டைக்குப் போனா வூட்டு எல்லை போயிடும். எல்லா வல்லரசுக்கும் நடந்ததுதான்."

"நீயே என்னுத எடுத்துக்கினு இருக்கலாமேடா?"

"அதுக்குத்தாங்கா மம்பட்டியோட வந்தேன்." குடையை மடக்கிவிட்டுத் தரையைப் பார்த்தான். "நீ நின்னு திட்டிக்கினு இருந்தா அது போர். நீ இல்லாதப்போ எடுத்தா திருட்டு இல்ல?"

"அப்போ அந்தப் பெரிய பெரிய நாடுங்க எடுத்ததெல்லாம்?"

"அதாங்கா ஒக்காந்து யோசிச்சுக்கினு இருக்கேன்" என்றான். சட்டைப் பையில் கைபேசி சத்தமில்லாமல் இருந்தது.

யோசனை ரொம்ப நாள் ஓடவில்லை. ஆரோக்கியத்தோடு சண்டை போட்டு, பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து, சொந்த மண்ணை மீட்டான். அடுத்த தையில் என் கிழக்கு வரப்பு ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. "பாதுகாப்புச் செலவு யக்கா" என்றான். வழக்கம்போல் நின்று நன்றாகத் திட்டினேன். திருட்டு ஆகிவிடக் கூடாதே.

போன மழைக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான். அவன் இடத்தை இப்போது கீழ்புத்துப்பட்டுக்காரர் ஒருவர் எடுத்திருக்கிறார். நியாயமான மனிதர். இந்தத் தையில் தண்ணீர் வடிந்ததும் டேப் வைத்து அளந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஆயா, உங்க எடத்துல ஒரு சாண் எங்க பக்கம் சேர்ந்துபோயிருக்குது. வரப்பை எங்க பக்கம் தள்ளிப் போட்டுடட்டுங்களா? அந்த ஒடஞ்ச சேரையும் எடுத்துடறேன்."

"ரெண்டையும் தொடாதப்பா" என்றேன். "அது அவன் புடிச்ச நாடு."